ஈ வகுப்பின் எண்

விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் பாடம் நடத்துகிறேன். கார் ஓட்டத் தெரியும், கல்லூரிக்குப் போய்வரும் அளவுக்கு. திண்டிவனத்தில் என் தம்பி காருக்கு சீட் கவர், ஹாரன், ஸ்டீரியோ விற்கும் கடை வைத்திருக்கிறான். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் பண்ணும்வரை கார்களோடு எனக்கு வேறு எந்த உறவும் இருந்ததில்லை.

“அக்கா, நீ கொஞ்சம் வந்து ஒரு கணக்கு போட்டுக் குடு. இங்க ஒரே சண்டையா இருக்குது” என்றான்.

அவனும் அவன் கடைக்கு வரும் சிலரும் சேர்ந்து ஆட்டோகிராஸ் என்று ஒன்று நடத்திக்கொண்டிருந்தார்கள். ரேஸ் என்றதும் நாலைந்து கார்கள் முட்டிக்கொண்டு போவதாக நினைத்தேன். அப்படி இல்லை. காலியான ஒரு தளத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வளைத்து வளைத்து வைத்து ஒரு பாதை அமைக்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். யாருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் போட்டி. கூம்பைத் தட்டினால் ஒன்றுக்கு இரண்டு வினாடி கூடும். திண்டிவனத்துக்கு இந்தப் பக்கம், மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் லாரித் தளம் அவர்களுக்குக் கிடைத்திருந்தது. வேர்க்கடலை, எங்கள் பக்கத்தில் மல்லாட்டை, பிடுங்கும் மாதங்களில் பக்கத்து ஊர்க்காரர்கள் அங்கே காய் உலர்த்துவார்கள் என்பதால் அப்போது மட்டும் போட்டி கிடையாது.

சண்டை எதற்கு என்றால், கார்கள் ஒன்றுபோல் இல்லை. பல் டாக்டர் ஒருவர் புது டர்போ காரில் வருவார். இன்னொருவர் இருபது வருடத்துக்கு முந்தைய சின்னக் காரில் வருவார். நேரத்தை மட்டும் பார்த்தால் டர்போதான் எப்போதும் ஜெயிக்கும். ஆகவே கார்களை ஏ, பி, சி, டி, ஈ என்று ஐந்து வகுப்பாகப் பிரித்து, வகுப்புக்கு ஓர் எண் வைத்திருந்தார்கள். ஓடிய நேரத்தை அந்த எண்ணால் பெருக்க வேண்டும். மெதுவான காருக்குச் சின்ன எண். பெருக்கி வரும் விடை யாருக்குக் குறைவோ அவருக்கு அன்றைய கோப்பை. யோசனை சரிதான். ஆனால் எண்களைத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து ஆளுக்கொன்று சொல்லி வைத்திருந்தார்கள். தோற்றவர்கள் எல்லோரும் எண்ணைத்தான் திட்டினார்கள்.

நான் அவர்களுக்கு ஒரு பக்க அளவில் ஒரு விதி எழுதிக் கொடுத்தேன். ஆண்டுக்கு ஒருமுறை, ஒவ்வொரு வகுப்பிலும் அந்த ஆண்டின் சிறந்த நேரங்களை எடுத்து, எல்லா வகுப்பும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கும்படி எண்களைத் திருத்த வேண்டும். ஒரு வகுப்பில் மூன்று முடிவுகள்கூட இல்லாவிட்டால் அந்த எண்ணைத் தொடக்கூடாது. யாருடைய அபிப்பிராயத்துக்கும் இதில் இடமில்லை என்று கடைசி வரியில் எழுதியிருந்தேன். அந்த வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சண்டை நின்றது. கணக்குப் போட ஆள் வேண்டும் என்று என்னையே குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். குழு என்றால் தம்பி, பல் டாக்டர், நான்.

ஈ வகுப்பு என்பது பழைய சின்னக் கார்கள். முதலில் ஆறு பேர் அதில் ஓடினார்கள். ஒவ்வொருவராகப் புதுக் கார் வாங்கி மேல் வகுப்புக்குப் போய்விட, கடைசியில் வளவனூரிலிருந்து வருகிற ஒருவர் மட்டும் மிஞ்சினார். வாடகைக் கார் ஓட்டுகிறவர். நாற்பது வயது இருக்கும். முதலாளியின் வண்டியை ஆறு நாள் ஓட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தன் சொந்தச் சின்னக் காரில் வருவார். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி. அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கரும்புக் காட்டில் வெட்டுக்குப் போனவர்கள் என்றும், வீட்டுக்கு வந்த முதல் கார் அதுதான் என்றும் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

அவர் ஓட்டுவதை முதல்முறை பார்த்தபோது வேகமாகப் போவதாகவே தெரியவில்லை. டர்போ கார்கள் டயர் கத்தக் கத்த வளையும். இவர் கார் சத்தமே இல்லாமல், ஏதோ சாய்ந்த தரையில் தானாக உருண்டு போவதுபோல் போகும். கூம்புக்கும் காருக்கும் நடுவே ஒரு கை நுழையாது. பிரேக் விளக்கு எரிவது அபூர்வம். முடித்துவிட்டு இறங்கும்போது நேரத்தைப் பார்த்தால் அறுபத்தொரு வினாடி. ஈ வகுப்பின் எண் அப்போது பாயிண்ட் எட்டு. பெருக்கினால் நாற்பத்தெட்டே முக்கால் சொச்சம். டாக்டர் தன் காரில் ஐம்பத்தாறில் முடித்தாலும் அவருடைய எண் பாயிண்ட் எண்பத்தெட்டு என்பதால் நாற்பத்தொன்பதைத் தாண்டிவிடும். அந்த ஆண்டு ஆறு போட்டிகளில் ஐந்தில் வளவனூர்க்காரர்தான் கோப்பை வாங்கினார்.

ஆண்டு முடிவில் விதிப்படி கணக்குப் போட்டேன். ஈ வகுப்பின் எண் பாயிண்ட் எட்டிலிருந்து ஏறி, பாயிண்ட் எண்பத்திரண்டு என்று வந்தது. அதே அறுபத்தொரு வினாடி இனி ஐம்பதைத் தாண்டிவிடும்.

ஒரு மணி நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டல் பெருக்கலில் தவறில்லை. தவறு எங்கே என்றும் எனக்குத் தெரிந்தது. ஈ வகுப்பில் ஓடுவது ஒரே கார், ஒரே மனிதர். அவருடைய கையின் நேர்த்தி முழுவதையும் என் கணக்கு அந்தக் காரின் வேகமாக எடுத்துக்கொண்டுவிட்டது. இதில் எவ்வளவு கார், எவ்வளவு மனிதர் என்று பிரிக்க வழியில்லை. இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே எண்ணாகத்தான் வருகின்றன. இப்படிப்பட்ட தரவை நம்பக்கூடாது என்று ஒவ்வோர் ஆண்டும் மாணவிகளுக்கு முதல் பருவத்திலேயே சொல்லிக் கொடுக்கிறேன். விதி எழுதும்போது ஆறு பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் மிஞ்சுவார் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

தம்பியின் கடையில் குழு கூடியபோது இதைச் சொன்னேன்.

டாக்டர் நல்ல மனிதர். கோப்பைக்கு அலைகிறவர் அல்ல. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “எனக்குப் புரியுது மேடம். ஆனா அவரு நல்லா ஓட்டறாருன்றது உங்க அபிப்பிராயம்தானே. கார் அவ்ளோ நல்ல காரா இருக்கலாம். வெயிட்டே இல்லாத வண்டி. அபிப்பிராயத்துக்கு எடமில்லன்னு நீங்கதான் எழுதினீங்க.”

“முன்ன ஆறு பேரு ஓடினப்ப இவரு மத்தவங்களவிட மூணு செகண்டு முன்ன இருந்தாரே” என்றேன்.

“அவனுங்களுக்கு ஓட்டவே தெரியாதுக்கா” என்றான் தம்பி.

பேசப் பேச நான் சுருங்கிக்கொண்டே போனேன். கடைசியில் ஒரு சோதனை வைக்கலாம் என்று நான்தான் சொன்னேன். அதே காரை வேறொருவர் ஓட்டிப் பார்க்கட்டும். நேரம் கூடினால் மனிதர் என்று அர்த்தம். கூடாவிட்டால் கார். டாக்டர் உடனே ஒப்புக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு தளத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வளவனூர்க்காரரிடம் வண்டியைக் கேட்டபோது எதற்கு என்று கேட்காமலே சாவியைக் கொடுத்தார். அவருக்கு விவரத்தை நான் சொன்னேன். “சரிங்க மேடம், நல்லா பாருங்க” என்றார். அன்று அவர் ஓடிய நேரம் அறுபத்தொன்று. முதலில் நான் ஓட்டினேன். அறுபத்தொன்பது வினாடி, இரண்டு கூம்பு. “நீங்க ஓட்டினது காரைப் பத்தி ஒண்ணும் சொல்லாது மேடம்” என்றார் டாக்டர், மரியாதையாகத்தான். அது உண்மை.

பிறகு டாக்டர் ஏறினார். பழக்கமில்லாத வண்டி, கிளட்ச் வேறு மாதிரி இருக்கும், பக்கத்தில் யாராவது உட்காரட்டும் என்று தம்பி சொன்னான். வளவனூர்க்காரர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதல் ஓட்டம் அறுபத்து நான்கரை. எனக்குள் ஒரு நிம்மதி. மூன்றரை வினாடி வித்தியாசம். இது போதும், இதை வைத்துப் பேசிவிடலாம் என்று எழுதிக்கொண்டேன். ஆனால் கார் திரும்பி வந்து தொடக்கக் கோட்டில் நின்றபோது, கண்ணாடிக்குள் வளவனூர்க்காரரின் கைகள் அசைவதைப் பார்த்தேன். இடது கையால் ஒரு வளைவு, வலது கையால் இன்னொரு வளைவு வரைந்து காட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது ஓட்டம் அறுபத்திரண்டு முக்கால்.

நான் நேர அட்டையோடு ஐம்பதடி தள்ளி நின்றிருந்தேன். சும்மா இருங்கள் என்று கத்தினால் அது என்ன நியாயம்? ஒரு மனிதர் இன்னொருவருக்கு உதவி செய்வதைத் தடுப்பதா? கத்தினாலும் கேட்டிருக்காது. ஜன்னலை ஏற்றியிருந்தார்கள். மூன்றாவது முறை கார் அந்த நடு வளைவுக்குள் நுழைந்தபோது பிரேக் விளக்கு எரியவில்லை. அறுபத்தொன்று புள்ளி மூன்று.

டாக்டர் இறங்கி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. “என்னா வண்டி மேடம் இது. சொன்ன எடத்துல போயி நிக்குது” என்றார். தம்பி என்னைப் பார்த்தான். நான் அந்த நேரத்தையும் எழுதிக்கொண்டேன்.

டாக்டர் தண்ணீர் குடிக்கப் போனதும் வளவனூர்க்காரர் என்னிடம் வந்தார். “டாக்டரு சூப்பரா ஓட்டினாரு மேடம். மொத ரவுண்டுல கூம்ப பாத்துக்கினே போனாரு. கூம்ப பாக்காதீங்க, அதுக்கு அப்பால இருக்கறத பாருங்கன்னு சொன்னேன். புடிச்சிக்கினாரு.”

“நீங்க ஏங்க சொல்லிக் குடுத்தீங்க? இது எதுக்குன்னு உங்ககிட்ட சொன்னேனே.”

“பக்கத்துல ஒக்காந்துகினு எப்படி மேடம் சும்மா இருக்கறது? தப்பு லைன்ல போறாரு. டயரு வீணாப் போவுது” என்றார்.

எண் பாயிண்ட் எண்பத்திரண்டு ஆனது. விதியை ஒருமுறை தள்ளிவைக்கலாமா என்று தம்பியிடம் தனியாகக் கேட்டுப் பார்த்தேன். “நீ எழுதின ரூல நீயே ஒடைச்சா நாளைக்கு எவன்க்கா மதிப்பான்? மறுபடியும் பழையபடி பேஜாருதான்” என்றான். அவன் சொன்னதும் சரிதான். இந்த விஷயத்தில் எல்லோரும் சரியாகவே பேசினார்கள். புது எண்களைத் தட்டச்சு செய்து, கீழே என் கையெழுத்தைப் போட்டு அனுப்பியவள் நான்.

வளவனூர்க்காரருக்கு மட்டும் போனில் சொன்னேன். மறுமுனையில் லாரி ஹாரன் கேட்டது. சவாரியில் இருந்தார் போலிருக்கிறது.

“அப்ப நான் எவ்ளோ கொறைக்கணும் மேடம்?”

“ஒண்ணரை செகண்டு.”

“ஒண்ணர செகண்டா?” என்றார். பிறகு, “பாக்கலாம் மேடம்” என்றார்.

ஆட்டோகிராஸ் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்றரை வினாடி ஒன்றுமில்லை. அவர் ஏற்கெனவே வண்டியிலிருந்து எடுக்கக்கூடியதையெல்லாம் எடுத்துவிட்டவர். இனி எடுக்க அதில் என்ன இருந்தது? அடுத்த போட்டியில் நான்காவது வந்தார். அதற்கடுத்ததில் மூன்றாவது. ஸ்டெப்னியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். விதி அதை அனுமதிக்கிறது. தரை விரிப்புகளை எடுத்தார். ஒரு ஞாயிறு பார்த்தபோது ஆளே ஒடுங்கியிருந்தார். காய்ச்சலா என்று கேட்டேன். சிரித்தார்.

அவர் மனைவியை அந்த ஆண்டின் கடைசிப் போட்டியில்தான் பார்த்தேன். மகளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார். காரில் வரவில்லை; ஆள் ஏறினால், எடை குறைய அவர் அளந்து ஊற்றும் பெட்ரோல் கணக்கு மாறிவிடுமாம். முடிவுப் பலகைக்குப் பக்கத்தில், பந்தல் நிழலில் நின்றுகொண்டிருந்தவர் என்னிடம் வந்தார்.

“நீங்கதான் கணக்கு மேடமா?”

ஆமாம் என்றேன்.

“ராத்திரியில சோறே துன்றதில்லீங்க மேடம். கேப்பக் கூழ் கொஞ்சம் குடிச்சிட்டுப் படுத்துக்கறாரு. வெயிட்டு போடக்கூடாதாம். ஆறு கிலோ எறங்கிட்டாரு. கேட்டா நம்பரு நம்பருன்றாரு.” மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, “அந்த நம்பர நீங்கதான் போடறீங்களாமே” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. எதையாவது செய்யக்கூடிய ஒருவரிடம் சொல்வதுபோல் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. அது நான் போடுவதில்லை, கணக்கில் வருவது என்று விளக்க வாயெடுத்தேன். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை.

அன்று வளவனூர்க்காரர் ஓடிய கடைசி ஓட்டத்தைப் போல் நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நடு வளைவில் பின்சக்கரம் ஒன்று தரையைவிட்டு ஒரு விரல் கடை எழும்பி, அப்படியே நின்று, மெதுவாக இறங்கியது. ஒரு கூம்பும் அசையவில்லை. ஐம்பத்தொன்பது புள்ளி ஒன்பது. அந்தக் காரில் யாரும் அறுபதுக்குக் கீழே போனதில்லை.

டாக்டர் ஏற்கெனவே ஓடி முடித்திருந்தார். ஐம்பத்தைந்து புள்ளி எட்டு. அந்த ஓராண்டில் அவரும் நன்றாகத் தேறியிருந்தார்.

பெருக்கினேன். இன்னொரு முறை பெருக்கினேன். டாக்டருக்கு நாற்பத்தொன்பது புள்ளி ஒன்று பூஜ்யம் நான்கு. வளவனூர்க்காரருக்கு நாற்பத்தொன்பது புள்ளி ஒன்று ஒன்று எட்டு. வினாடியில் ஆயிரத்தில் பதினான்கு பங்கு. பழைய எண்ணாக இருந்தால் ஒரு வினாடிக்கு மேல் முன்னால் இருந்திருப்பார். மார்க்கரை எடுத்துப் பலகையில் எழுதினேன். அந்த அம்மா என் பக்கத்திலேயே நின்றுகொண்டு நான் எழுதுவதைப் பார்த்தார். எண்களுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது. எது மேலே, எது கீழே என்பது தெரிந்தது.

டாக்டருக்குச் சங்கடமாகிவிட்டது. கோப்பையைக் கொண்டுவந்து வளவனூர்க்காரரின் கையில் வைக்கப் பார்த்தார். “இது உங்களுதுங்க. நான் ஓட்டறதே நீங்க சொல்லிக் குடுத்ததுதான்” என்றார்.

“வேணாம் டாக்டர், வெச்சிக்கோங்க” என்றார் வளவனூர்க்காரர். “மேடம் போர்டுல எழுதிட்டாங்க.”

அந்த ஆண்டுக் கணக்கையும் போட்டேன். ஈ வகுப்பின் எண் அசையவில்லை. எல்லா வகுப்பும் ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும் என்றுதானே எழுதியிருந்தேன், நின்றுவிட்டன. தாளைப் பார்க்கிறவர்கள் யாரும் இதைவிட நியாயமான எண் இருக்க முடியாது என்றுதான் சொல்வார்கள். அதில் ஒரு மனிதர் பட்டினி கிடந்தது எங்கேயும் இல்லை.

அடுத்த ஆண்டு அவர் வரவில்லை. சின்னக் காரைக் கொடுத்துவிட்டு, கேஸில் ஓடும் ஒரு பெரிய கார் வாங்கிச் சொந்தமாகச் சவாரி ஓட்டுகிறார் என்று தம்பி சொன்னான். நல்ல செய்திதான். என் எண்ணால் போனாரா, பிழைப்புக்காகப் போனாரா என்று யாரிடம் கேட்பது? ஈ வகுப்பில் யாருமே இல்லாமல் போனது. யாரும் இல்லாததால் முடிவுகள் இல்லை. மூன்று முடிவுகள் இல்லாவிட்டால் எண்ணைத் தொடக்கூடாது. பாயிண்ட் எண்பத்திரண்டு அப்படியே இருக்கிறது. ஒரு முறை ஒரு நர்ஸ் பழைய சின்னக் காரில் அனந்தபுரத்திலிருந்து வந்தார். பலகையில் தன் எண்ணைப் பார்த்தார், பெருக்கினார், கடைசியில் வந்தார், பிறகு வரவில்லை. ஒரு முடிவு போதாது.

போன மாதம் ஒரு ஞாயிறு என் கார் மெக்கானிக்கிடம் இருந்ததால் திண்டிவனம் போக ஆப்பில் வண்டி கூப்பிட்டேன். வந்து நின்றவர் வளவனூர்க்காரர். உடம்பு பழையபடி தேறியிருந்தது. “ஏறுங்க மேடம்” என்று பின்கதவைத் திறந்துவிட்டார். நான் முன்னால் ஏறிக்கொண்டேன்.

விக்கிரவாண்டி டோல் கேட் வரைக்கும் மகளின் படிப்பைப் பற்றிப் பேசினோம். நர்சிங் சேர்க்கலாமா, பாரா மெடிக்கலா என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எண்பதைத் தாண்டாமல், குலுங்காமல் ஓட்டினார். டோல் கேட்டைத் தாண்டியதும் நானே ஆரம்பித்தேன்.

“ஈ கிளாஸ் நம்பர் தப்புங்க. அன்னைக்கே எனக்குத் தெரியும்.”

சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “அப்ப மாத்திடலாமே மேடம்?”

“மாத்த முடியலங்க. அந்த கிளாஸ்ல யாராவது ஓடி மூணு ரிசல்ட் வந்தாத்தான் மாத்தலாம்னு ரூல்.”

“யாரும் ஓடலியா?”

“இல்ல.”

ஒரு லாரியைத் தாண்டினார். “நான் ஒரு வண்டி எடுத்துக்கினு வந்து ஓடினா?”

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். “நீங்க ஓடினா அந்த நம்பர் சரின்னுதான் கணக்கு சொல்லும். நல்லா ஓடினா இன்னும் ஏறும்” என்றேன்.

மெல்லச் சிரித்தார். “அப்ப ஓட்டத் தெரியாதவன் மூணு பேரு வரணும்.”

“ஆமா.”

“வந்தா சொல்லுங்க மேடம். நான் பக்கத்துல ஒக்கார மாட்டேன்.”

நானும் சிரித்தேன். மன்னிப்புக் கேட்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. அதற்குள் அவர் மண்டகப்பட்டுப் பக்கம் ரோடு போடுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். நானும் ரோட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தளத்தின் வாசலில் இறக்கிவிட்டார். உள்ளே கூம்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். “ஒரு நிமிஷம் உள்ள வந்து பாத்துட்டுப் போங்களேன்” என்றேன். பாண்டிச்சேரிக்கு அடுத்த சவாரி இருக்கிறது, ஜல்தியாகப் போக வேண்டும் என்றார். ஆனாலும் என்ஜினை அணைக்காமல், வேலிக்கு வெளியே சற்று நேரம் நின்று பாதையைப் பார்த்தார்.

“அந்த நாலாவது கூம்ப ஒரு அடி வெளிய வைக்கச் சொல்லுங்க மேடம். இப்பிடி வெச்சா புதுசா வர்றவங்க தட்டுவாங்க” என்றார். பிறகு கிளம்பிப் போனார்.

தம்பியிடம் சொன்னேன். அவன் கூம்பை ஒரு அடி நகர்த்தினான். பதினோரு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். ஈ வகுப்பில் யாரும் இல்லை.